மழை நானாவும் அம்மாவின் அப்பளமும்

இலங்கைத் தீவில் இதுவரை பிறந்தவர்களிலேயே மிக நம்பகமான மனிதர் யார் என்று கேட்டால், மழை நானா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வானிலையைப் பற்றி அவர் சொன்னது ஒருநாளும் பலித்ததில்லை. ஒருநாள் பலித்து மறுநாள் பொய்த்தால் அந்த ஆளை நம்ப முடியாது. இவர் அப்படியில்லை. வருடம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் பிசகாமல் பிழையாகச் சொல்வார்.

கண்டிப் பக்கம் அம்பிட்டிய சந்தியில் ஆட்டோ ஓட்டினார். இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம். இயற்பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும் தெரியும்.

கண்டியின் வானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொழும்புக்காரர்கள் இங்கே குளிரும் என்று ஸ்வெட்டரோடு வந்து வியர்த்துத் திரும்புவார்கள். நுவரெலியாக்காரர்கள் இங்கே வெயில் என்று மெல்லிய சட்டையோடு வந்து தும்மித் திரும்புவார்கள். பங்குனியில் குழாயில் காற்றுதான் வரும். ஆடியில் பெய்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஒரு தூறல், மார்கழியில் பனி. ஐப்பசியோ காலையில் கண்ணைப் பறிக்கும் வெயிலைக் காட்டி, எல்லாரையும் துணி காயப் போட வைத்து, இரண்டு மணிக்கு இடியோடு இறங்கும்.

இப்படிப்பட்ட ஊரில் வானிலை சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். நானாவுக்கு அது நிறைய இருந்தது. காலையில் ஹந்தானை மலையை ஒரு நிமிடம் முறைப்பார். இடது முழங்காலை இரண்டு தரம் மடக்கி நீட்டுவார். ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணி, அது எத்தனை தரம் இருமுகிறது என்று எண்ணுவார். பிறகு தீர்ப்பு வரும்.

"மழ இல்ல!"

உடனே எங்கள் தெருவே குடையைத் தேடும். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் 'மிஸ்'. அவருக்குத் தெரிந்த தமிழே "மழ இல்ல" மட்டும்தான். அது காதில் விழுந்தால் போதும், முற்றத்தில் காயப் போட்ட கிராம்பை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவார்.

நானாவிடம் இன்னொரு குணம், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுவது. மழை இல்லை என்று சொன்ன நாளில் ஆட்டோவின் பக்கத் திரைகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருவார். அன்று ஏறியவர்கள் தெப்பமாக நனைந்து இறங்குவார்கள். மழை வரும் என்று சொன்ன நாளிலோ, கொளுத்தும் வெயிலில் திரைகளை இறுக்கிக் கட்டியிருப்பார். அன்று ஏறியவர்கள் இடியப்பம் மாதிரி அவிந்து இறங்குவார்கள். நான் மருந்துக்கடை வேலைக்கு இரண்டு விதமாகவும் போயிருக்கிறேன்.

ஒரு பங்குனியில் கிணறுகள்கூட வற்றிவிட்டன. தெருவே திரண்டு சந்திக்குப் போனது. அவர் வாயால் "மழ இல்ல" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், பிழைத்துக்கொள்வோம்.

"நானா, மழ வருமா?" என்றேன்.

வாடிய முகங்களைப் பார்த்து அவர் மனம் இளகிவிட்டது. "வரும் மகன். இன்ஷா அல்லாஹ், இந்தக் கிழமையே வரும். யோசிக்காதீங்க" என்று ஆறுதல் சொன்னார்.

எங்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மேலும் மூன்று வாரம் ஒரு சொட்டு விழவில்லை.

இனி அப்பளத்துக்கு வருகிறேன். அம்மா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர். அங்கே உறவில் ஒரு கல்யாணம். "டவுனுக்குப் போனவளுக்கு இன்னும் அப்பளம் போடத் தெரியுமா?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள். பந்திக்கு வேண்டிய அத்தனை அப்பளமும் என் பொறுப்பு என்று அம்மா ரோஷத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார். மாதமோ ஐப்பசி.

இரண்டு நாள் நானா "மழ இல்ல" என்றார். இரண்டு நாளும் பெய்தது. தேய்த்து அடுக்கிய அப்பளம் ஈரத்தோடு வீட்டுக்குள் கிடந்தது. இன்னொரு நாள் போனால் பூஞ்சணம் பிடித்துவிடும். மூன்றாம் நாள் காலை அம்மா மாவு ஒட்டிய கையோடு தானே சந்திக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"நானா, இன்னைக்கும் காயலேன்னா எல்லாத்தையும் குப்பையில கொட்ட வேண்டியதுதான். சொந்தக்காரங்க முன்னால தலைகாட்ட முடியாது. மழ வருமா, வராதா?"

நானா மலையைப் பார்த்தார். முழங்காலை மடக்கினார். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தார். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது.

"பெய்யும் தங்கச்சி" என்றார். "பேய் மழ பெய்யும். ஒண்ணையும் வெளிய போட்டுறாதீங்க."

அம்மா சிரித்த முகத்தோடு வீட்டுக்கு ஓடினார். முற்றம், கூரை, மிஸ் வீட்டு மதில் எல்லாம் அப்பளம். அன்று அடித்த வெயிலை ஐப்பசியில் நான் பார்த்ததே இல்லை. நான்கு மணிக்கு ஒன்றை எடுத்து உடைத்தேன், படக்கென்று முறிந்தது. அம்மா அழுதே விட்டார்.

அப்பளத்தை டின்களில் அடைத்து ஏற்றிக்கொண்டு நானாவின் ஆட்டோவிலேயே ஹந்தானைக்குக் கிளம்பினேன். காற்று சிலுசிலுவென்று முகத்தில் அடித்தது. பாதி மலை ஏறிய பிறகுதான் உறைத்தது.

"நானா, திரை எங்க?"

"ஊட்ல."

"பேய் மழ வரும்னு சொன்னீங்களே!"

அவர் ஒரு வளைவில் ஆட்டோவை மெதுவாகத் திருப்பினார்.

"தங்கச்சிட அப்பளம் காய வேணுமே மகன்."

"அப்ப... உங்களுக்குத் தெரியுமா?"

"நான் மழ இல்லன்டு செல்ற நேரம் மிஸ் கிராம்ப அள்ளிட்டு ஓடுறா. எனக்குக் கண் ஈக்குது தானே? அந்தப் பங்குனில ஒங்கட மொகமெல்லாம் போன போக்கையும் பாத்தேன்."

"கோவம் வரலையா நானா?"

"வந்திச்சி. பொறகு யோசிச்சேன். காலைல ஊரே வந்து ஏன்ட மொகத்தப் பாத்துக் கேக்குது. சரியாச் செல்ற ஆளுக்கும் இந்த மரியாத கெடைக்குமா?" என்று சிரித்தார். "இண்டைக்கி வெயில்தான்டு எனக்கு நல்லாத் தெரியும். வாழ்க்கைல ஒருக்கா சரியா வந்திச்சி, அதையும் வாயால செல்ல ஏலாமப் போச்சி. யாருக்கும் செல்லிறாதீங்க மகன். பொறகு ஊரு கொழம்பிரும்."

நான் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட இல்லை. கல்யாணப் பந்தியில் அப்பளம் நொறுங்கும் சத்தத்தை அம்மா பெருமையோடு கேட்டுக்கொண்டே, "நானா வாய் பொய்க்காது, சொன்னா அப்படியே தலைகீழா நடக்கும்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நானா தலையைக் குனிந்து வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

போன வருடம் முழங்கால் நிஜமாகவே மடங்க மறுத்ததால், ஆட்டோவை விற்றுவிட்டு கலகெதரவில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விட்டார். என் போனில் மணிக்கொரு மேகப் படம் வருகிறது. ஆனாலும் காலையில் அவருக்குத்தான் அழைப்பு எடுக்கிறேன்.

"இங்க ஈந்து அம்பிட்டிய வானத்த எப்பிடி மகன் செல்ற?" என்று அலுத்துக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து, "மழ இல்ல" என்பார். குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

மாலையில் திரும்ப அழைத்து, "நானா, நீங்க சொன்னது சரி, ஒரு சொட்டு விழல" என்பேன். அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு கேட்கும்.

கொட்டித் தீர்த்த நாட்களிலும் அப்படித்தான் சொல்கிறேன்.