வெள்ளிக்கிழமை ஏழு மணி சௌனா முறையைப் பறிக்க வேண்டாம்

எஸ்போ,
13 நவம்பர் 2005, ஞாயிறு

குடியிருப்புச் சங்கத் தலைவர் திரு. தௌனோ வெஸ்தெரினென் அவர்களுக்கு,

மூன்றாம் மாடி ஏரோ கொர்தெலாத்தி வணக்கத்துடன் எழுதுவது. இந்த ஈர நவம்பரிலும் தாங்கள் சளியின்றி நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். கீழ்த்தளத்துப் பொது நீராவிக் குளியலறையான சௌனாவில் எங்களுக்குள்ள வெள்ளிக்கிழமை ஏழு மணி முறையை, ஒரு புகாரின் பேரில் நாளைக் கூட்டத்தில் வேறொருவருக்குக் கொடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். ஐயா, ஒன்பது வருடம் காத்திருந்தேன். ஆறாம் மாடிக்காரர் செத்த பிறகுதான், இந்த ஆகஸ்டில், அது கைக்கு வந்தது. பிடுங்கிவிடாதீர்கள்.

குற்றம் என்னுடையதல்ல, அலுவலகம் கொடுத்த கைபேசியுடையது. நல்லதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிவிடும்: பட்டாணி அளவுப் பொத்தான்கள்தான், ஆனாலும் கட்டைவிரல் வழி தவறுவதில்லை. ஒருமுறை சார்ஜ் போட்டால் நாலு நாள் தாங்குகிறது. மெயில் நான் இருக்குமிடம் தேடி வருகிறது, கழிப்பறைக்குக்கூட. ஆனால் மணியோசையை நிறுத்த ஏழு மெனுப் பட்டியல் இறங்க வேண்டும், எட்டாவதில் 'நிச்சயமாகவா?' என்று கேட்கும். ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் மணல்கடிகாரம் காட்டும், காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் அதே மணல்கடிகாரம். இந்தக் கழுதைக்கு நாள்காட்டி வேறு. ஸ்டாக்ஹோமில் வேலையாயிருந்தபோது 'வெள்ளி ஏழு மணி, சௌனா' என்று குறித்தேன். அங்கே மணி நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். ஊர் திரும்பியதும் அது தானாகவே எட்டு மணியாக்கிவிட்டது. அப்போது மட்டும் 'நிச்சயமாகவா?' என்று கேட்கவில்லை! நானோ இப்போதெல்லாம் எதையும் ஞாபகத்தில் வைப்பதில்லை, அதுதான் வைக்கிறதே என்று.

முந்தாநாள் வெள்ளி எட்டுக்கு அது அடித்தது, துண்டோடு படியிறங்கினேன். என் மனைவி கைசு வழக்கம்போல் முன்னமே போயிருப்பாள் என்று உடுப்பைக் களைந்து உள்ளே நுழைந்தேன். ஒரே ஆவி, கண் தெரியவில்லை. "கைசு, கொஞ்சம் தள்ளி உக்காரு" என்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"யாருப்பா அது?" என்றது ஒரு குரல். ஐந்தாம் மாடி திருமதி ரௌஹா பிர்த்திலா! பக்கத்தில் அவர் தங்கை.

"மன்னிச்சுக்குங்கம்மா, துணிகூட இல்லாம..."

"துணி கிடக்குது, சௌனாவுக்கு யாரு கோட்டு போட்டுட்டு வர்றா? மணி எட்டு ஆச்சு. எட்டு மணி எங்களோடது! சுவத்துல பட்டியல் தொங்குதே, அதப் படிக்கத் தெரியாதா?"

அவமானத்தில் வெந்துபோனேன் ஐயா. வீட்டில்கூடச் சொல்லவில்லை. இந்த முறையும் போய்விட்டால் எனக்கு வாரத்தில் வேறென்ன இருக்கிறது? கருணை காட்டுங்கள். தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் என் வணக்கம். தங்கள் சௌனா அடுப்புக் கல் என்றும் சூடாயிருக்கட்டும்.

பணிவுடன்,
ஏரோ கொர்தெலாத்தி

பின்குறிப்பு: கடிதத்தைக் கைசுவிடம் படித்துக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஏழுலேருந்து எட்டு வரைக்கும் நான் கீழதான் இருந்தேன். நான் லிஃப்டுல மேல வந்தப்ப நீ படியில இறங்கியிருப்பே."

"என்னை ஏன் கூப்பிடல?"

"முதல் ரெண்டு வாரம் கூப்பிட்டேன் ஏரோ. 'இதோ, ஒரே ஒரு மெயில்'னே. அப்புறம் விட்டுட்டேன். கடைசிப் பத்து நிமிஷம் வந்து தலைகாட்டுவே. அன்னிக்கு அதுவும் இல்ல. எனக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியல."

ஐயா, மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். குற்றம் என்னுடையதுதான். முறையைக் கைசுவின் பெயருக்கு மாற்றிவிடுங்கள். என்னைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.