மச்சினனை விரட்ட ஒரு மலைப்பாம்பு

கத்திரி வெயில்ல, சொந்தமா ஏ.சி. வச்சிருந்தும் அதுக்கு வெளியே படுத்து வேகுற ஒரே ஆம்பளை இந்த மதுரை ஜில்லாவுலயே நான்தான். பொய்யின்னா செல்லூர் பக்கம் வந்து விசாரிச்சுப் பாருங்க. எங்க தெருவுல நாய்கூட சாக்கடை ஓரமா ஈரம் பார்த்துப் படுத்திருக்கும். நான் ஹால்ல மொசைக் தரையில பனியனைக் கழட்டிப் போட்டுட்டு உருண்டுக்கிட்டு இருப்பேன்.

அந்த ஏ.சி. ஆரப்பாளையத்துல ஒரு லாட்ஜ்ல கழிச்சுக் கட்டினது. ஓடுறப்போ லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் வரும். வரட்டும், காத்து ஜில்லுன்னு வருதுல்ல? முன்ரூம்ல மாட்டி, மெக்கானிக் ஸ்டூலை விட்டு இறங்குறான், வாசல்ல என் மச்சினன் முகேஷ் பையோட நிக்கிறான். ஏதோ இன்டர்வியூவாம், ரெண்டு நாள்ல உசிலம்பட்டிக்குத் திரும்பிருவானாம். அது போன வருசம். இன்டர்வியூவும் வரல, இவனும் போகல. பகல் பூரா முன்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு, போர்வை போத்தித் தூங்குறான். சித்திரை மாசத்துல போர்வை!

என் சம்சாரம் முத்துமீனாகிட்ட நியாயம் கேட்டேன்.

"படிக்கிற பையன். புழுக்கத்துல கிடந்தா மூளை உருகிப் போகும்ங்க" என்றாள்.

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு அந்தப் பயம் இல்லையே."

முகத்துக்கு நேரா போடான்னு சொல்லிறலாம்தான். எங்க பக்கத்துல அது நடக்காது. நாளைக்கு எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தா தாய்மாமன் மடியில உட்கார வச்சுத்தான் காது குத்தணும். மச்சினன் முறுக்கிக்கிட்டான்னா மடிக்கு எங்க போறது? வாடகைக்கா கிடைக்கும்? அதனால அவன் தானாப் போகணும், என் மேல கோவமில்லாமப் போகணும், கத்திரி முடியுறதுக்குள்ள போகணும். அன்னைக்கு மாடிப்படியில உட்கார்ந்து சபதம் எடுத்தேன். அந்த ரூம்ல இனிமே ஒண்ணு அவன், இல்ல நான்.

வழி சொன்னவன் நல்லகாமன். என் பொண்டாட்டி ஊர்க்காரன். ஆரப்பாளையத்துல கலர் மீன் கடை வச்சிருக்கான். மனசு சரியில்லைன்னா அவன் கடையில போய் உட்கார்ந்துக்கிருவேன். அவன் டீ சொல்லுவான், நான் குடும்பக் கதை சொல்லுவேன். அன்னைக்கு மொத்தத்தையும் கொட்டினேன். முகேஷுக்குப் பல்லியைக் கண்டாலே கைகால் உதறும்னு பேச்சோட பேச்சாச் சொன்னேன். நல்லகாமன் யோசிச்சான். நாளைக்கு வா மச்சான்னான். யார்கிட்டயும் சொல்லாதடா மாப்ளன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன்.

மறுநாள் போனா, கடைக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போய் ஒரு தெர்மோகோல் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒரு பாம்பு. நீளம் கம்மிதான். ஆனா சுத்தளவு! என் தொடை தோத்துரும். உடம்பு பூரா வெத்தலை எச்சில் மாதிரி செவப்பு. மலேசியா பக்கத்துச் சரக்காம், யாரோ வளர்த்துட்டு விட்டுட்டுப் போனதாம். ரத்த மலைப்பாம்புன்னு பேரு. விஷம் கிடையாது.

கோவக்காரனான்னு கேட்டேன். காட்டுல பிடிச்சதுன்னா மொரட்டுத்தனமா இருக்கும், சட்டுனு கடிச்சிரும்னான். இது எந்த வகைன்னு கேட்டதுக்கு, பேரே ரத்தம், இன்னும் என்ன மச்சான் வேணும்னு சிரிச்சான். எனக்கு அம்புட்டுப் போதும். ஒண்ணே ஒண்ணு மட்டும் கண்டிச்சுச் சொன்னான். இதுக்கு வெயில் ஆகாது, மதுரைச் சூட்டுல வெளிய வச்சா செத்துரும், ரூம் குளுமையா இருக்கணும். கும்பிடப்போன சாமி குறுக்க வந்துச்சுன்னு நினைச்சேன். எங்க வீட்டுல குளுமையான ரூம் ஒண்ணுதானே?

நல்லகாமன் ஊருக்குப் போறான், திரும்பி வர்றவரைக்கும் நாமதான் பார்த்துக்கணும்னு முத்துமீனாகிட்ட ஒரு போடு போட்டேன். பூனைக்குட்டி கொண்டாந்ததுக்கு வாசல்லயே நிறுத்தி வச்சவ அவ. பெட்டியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, சரி முன்ரூம்லயே வச்சுக்கங்கன்னுட்டா. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். வெயில்ல மூளை வேலை செய்யல.

முகேஷ் தூங்கி எந்திரிச்சு, தலைமாட்டுல இருந்த பெட்டியைத் திறந்தான். தின்பண்டம்னு நினைச்சிருப்பான். குக்கர்ல வெயிட்டைத் தூக்கினா வருமே, அப்படி ஒரு புஸ்ஸு. பய போர்வையோட வெளிய வந்தான். ஒரு கால்ல அவன் செருப்பு, இன்னொரு கால்ல என் செருப்பு. சாயங்காலம் உசிலம்பட்டியில இருந்து போன் வந்துச்சு. "உங்க மேல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல மச்சான். பாம்பு இருக்கிற வீட்டுக்கு மட்டும் வரமாட்டேன்" என்றான். மடியும் பத்திரம், ரூமும் காலி. எனக்கு நானே கை குடுத்துக்கிட்டேன்.

துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு ராஜா மாதிரி உள்ளே போனேன். ஏ.சி.யைப் போட்டேன். கட்டில்ல சாஞ்சேன். ஆகா, அந்தச் சுகத்தை என்ன சொல்றது. இந்தப் பக்கம் திரும்பினேன், பெட்டிக்குள்ள புஸ்ஸு. அந்தப் பக்கம் திரும்பினேன், அதுக்கும் புஸ்ஸு. அப்புறம் மூடியைத் தள்ளிக்கிட்டு ஒரு தலை மேல வந்து என்னையே பார்த்துச்சு. மச்சினன் போன அதே வேகத்துல நானும் வெளிய வந்தேன். செருப்புப் போட நேரமில்ல, அதுதான் வித்தியாசம்.

முத்துமீனா அடுப்படியில இருந்து வந்து எட்டிப் பார்த்தா. மாட்டுத் தொழுவத்துல வளர்ந்தவ, அவளுக்கு இதெல்லாம் கணக்கே இல்ல.

"அது கோவப்படலைங்க. பயப்படுது. முட்ட வார மாட்டுக்கும் முக்காவாசி பயம்தான். ஒளிய இடம் இல்லைன்னா எந்த உசிருதான் சீறாது?"

பழைய மண்பானை ஒண்ணைப் பக்கவாட்டுல ஓட்டை தட்டிக் கவுத்து வச்சா. தேங்காய் நாரை நனைச்சு அடியில பரப்பினா. ஏ.சி. காத்துல தோல் காஞ்சுரும்னு நனைச்ச சாக்கைச் சுத்திப் போட்டா. அது முங்கிக் கிடக்க ஒரு பேசின்ல தண்ணி. பாம்பு மெதுவா ஊர்ந்து பானைக்குள்ள போச்சு. மூக்கு மட்டும் வெளிய. அதுக்கப்புறம் மூச்சுச் சத்தம்கூட இல்ல. கொஞ்ச நாள்ல ரெண்டு கையையும் அடியில குடுத்து, பச்சைப்பிள்ளையைத் தூக்குற மாதிரி தூக்கவே ஆரம்பிச்சுட்டா. நடுவயித்தைத் தாங்கிப் பிடிச்சா அது நம்மளை நம்பும், தொங்கவிட்டாத்தான் மிரளும்னு எனக்கு வகுப்பு வேற.

அப்ப பிரச்னை தீர்ந்துச்சு, நான் கட்டில்ல படுக்குறேன்னு தலகாணியை எடுத்தேன்.

"படுங்க. ஆனா குறட்டை விடக் கூடாது" என்றாள்.

"பாம்புக்குத்தான் காது இல்லையே."

"அது வயித்தால கேக்கும். நீங்க விடுற குறட்டையில தரை அதிருது. அதிர்ந்தா பயப்படும், பயந்தா எலி திங்காது. அடுத்தவங்க உசிரு, பட்டினி போட்டுத் திருப்பிக் குடுக்கவா முடியும்?"

குறட்டை விடாமத் தூங்குறது எப்படின்னு எனக்குத் தெரியல. ஹாலுக்கே வந்துட்டேன். என் ஏ.சி.யில பாம்பு தூங்குது. கரண்ட் பில்லு மட்டும் என் பேருல. நல்லகாமன்கிட்டப் போய்த் திருப்பி எடுத்துக்கடான்னு கெஞ்சினேன். கடையில ஒரே சூடு, கத்திரி முடியட்டும் மச்சான்னு மீனுக்குத் தீனி போடப் போயிட்டான்.

மறுநாள் வாசல்ல ஆட்டோ. என் மாமியார் சோணையம்மாள் இறங்குனாங்க. ட்ரங்குப் பெட்டி, நிலக்கடலை மூட்டை, சொந்தத் தலகாணி. ரெண்டு நாளைக்கு வந்தவங்க கொண்டார சாமானா அது? மகன் திரும்பி வந்ததுல இருந்து வீட்டுல இருக்க முடியலையாம். உச்சி வெயில் வரைக்கும் தூக்கம், எந்திரிச்சா டிவியாம். அவன் மதுரையில இருந்தப்பதான் தான் நிம்மதியா இருந்ததாச் சொன்னாங்க. எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்துச்சு. பாம்பு. வாங்க அத்தைன்னு நானே முன்ரூமைத் திறந்துவிட்டேன்.

அந்தம்மா குனிஞ்சு பானைக்குள்ள பார்த்தாங்க. முத்துமீனா தூக்கிக் காட்டினா. முதுகைத் தடவிக் குடுத்துட்டு, எங்க காட்டுல திரியிற சாரையைவிட இது சாதுன்னாங்க. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டுப் படுத்துட்டாங்க. அவங்களுக்குக் குறட்டைப் பழக்கமே கிடையாதாம்.

அடுப்படிக்குப் போனேன். முத்துமீனா கடலை உரிச்சுக்கிட்டு இருந்தா.

"எல்லாம் உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அம்மாவுக்கு இந்த வெயில் ஒத்துக்கல. போன வருசமே கூட்டிட்டு வரணும்னு நினைச்சேன். ரூம் காலி இல்ல. தம்பியைப் போடான்னு அக்கா வாயால சொல்ல முடியுமா? நீங்க செஞ்சீங்க. நல்லா இருப்பீங்க."

"நான் விரட்டப் போறேன்னு உனக்கு யாரு சொன்னது?"

"நல்லகாமன் அண்ணன்தான். நீங்க குடிச்ச டீ ஆறுறதுக்குள்ள போன் பண்ணிருச்சு. காட்டுல பிடிச்சது வேணாம்ண்ணே, வீட்டுல பொரிச்சு வளர்ந்த சாதுவாப் பார்த்துக் குடுத்துவிடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

"அவன் எப்ப உனக்கு அண்ணன் ஆனான்?"

"எங்க பங்காளி வீடுங்க. ஒரே குலசாமி. நம்ம கல்யாணத்துல எனக்கு மாலை எடுத்துக் குடுத்தது யாருன்னு நினைச்சீங்க?"

கல்யாணத்தன்னைக்கு நான் பொண்ணைப் பார்த்தேனா, மாலை எடுத்துக் குடுத்தவனைப் பார்த்தேனா? ஊர்ல எவன்கிட்டயும் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி அவன் பொண்டாட்டி வழியில என்ன முறைன்னு பார்க்கணும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரல. ஒரு மச்சினனை விரட்ட இன்னொரு மச்சினன்கிட்டயே போய் ஐடியா கேட்டிருக்கேன்.

ஹால்ல ஃபேன் அனலை அள்ளி என் மேல கொட்டுது. மத்தியானம் பொறுக்க முடியாம எந்திரிச்சு, முன்ரூம் கதவைச் சத்தமில்லாம ஒரு கை அகலம் திறந்து, முகத்தை மட்டும் உள்ளே நீட்டினேன். பானைக்குள்ள பாம்பு அசையல. கட்டில்ல என் மாமியார் மட்டும், போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டே கண்ணைத் திறக்காமச் சொன்னாங்க.

"கதவைச் சாத்துங்க மாப்ள. குளுமை பூரா ஹாலுக்குப் போகுது."