விருந்தாளிக்கு முழு வேகம்

உலகத்தில் நீதி முழுமையாக நிலைநாட்டப்பட்ட இடம் எது என்று யாராவது உங்களைக் கேட்டால், நீதிமன்றங்களைக் காட்டி ஏமாந்துபோகாதீர்கள். எங்கள் வீட்டு ஹாலுக்கு அழைத்து வாருங்கள். டிவிக்கு மேலே, சுவரில், நான்கு கொம்புகளைத் தூக்கிக்கொண்டு ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருக்கும். அதன் பெயர் வைஃபை ரௌட்டர். நீதி அதற்குள்தான் குடியிருக்கிறது. குடியேற்றியவர் என் அப்பா.

அப்பா பொறுப்பேற்பதற்கு முன்னால் எங்கள் வீட்டில் நடந்ததை ஆட்சி என்றே சொல்ல முடியாது. யாருக்கு எப்போது வேண்டுமோ அப்போது இணையத்தை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி வந்தது. பெரியவர் யார், சின்னவர் யார் என்ற விவஸ்தையே அந்தப் பெட்டிக்கு இல்லை. இவ்வளவு பெரிய அக்கிரமம் நடந்தும் யாருமே குறை சொல்லவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்பா குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தெருவுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் என்பதை முடிவு செய்த கை அது. ஓய்வுக்குப் பிறகு திறந்து மூட ஒரு வால்வுகூட இல்லாமல் மனிதர் வாடிப்போயிருந்தார். சமையலறைக் குழாயை மூடி மூடிப் பார்த்து அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. அப்போதுதான் ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தில் 'மேம்பட்ட அமைப்புகள்' என்ற பொத்தான் அவர் கண்ணில் பட்டது. அழுத்தினார். உள்ளே எண்ணிக்கையில்லாத வால்வுகள் இருந்தன. யாருக்கு எவ்வளவு, யாருக்கு முதலில், யாருக்குக் கிடையவே கிடையாது என்று எல்லாவற்றுக்கும் தனித்தனியே.

"அடேயப்பா! இத்தனை நாளா இதைத் திறந்தே விட்டிருக்கோமேடா!" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அன்று மாலையே குடும்பக் கூட்டம் கூட்டப்பட்டது. அப்பா தலைமை. அம்மா முன்னிலை. நானும் என் மனைவியும் 'பொதுமக்கள்'. பகிர்வுக் கொள்கையை அப்பா விளக்கினார். இனி ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரிசை. வரிசைக்கு அடிப்படை சீனியாரிட்டி, அதாவது வீட்டுக்கு வந்து சேர்ந்த நாள். முதலில் அப்பாவின் போன். அடுத்து அம்மாவின் போன். பிறகு டிவி. பிறகு நான். என் பின்னால் வைஃபை வசதி கொண்ட வாஷிங் மெஷின். அதற்கும் பின்னால் என் மனைவியின் லேப்டாப்.

"மாமா, வாஷிங் மெஷினுக்கு அப்புறமா நான்?" என்று கேட்டாள் என் மனைவி.

"தப்பா எடுத்துக்காதம்மா. மெஷின் உங்க கல்யாணத்துக்கு முந்தியே வந்துடுச்சு. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"மாமா, வர்ற செவ்வாய்க்கிழமை காலைல எனக்கு இன்டர்வியூ இருக்கு. வீடியோ கால். வீட்டுல இருந்தே பாக்குற வேலை. நடுவுல கட் ஆச்சுன்னா அவ்வளவுதான், போயிடும்."

இவள் கட்டட வரைபடங்கள் தயாரிப்பவள். கல்யாணத்துக்குப் பிறகு, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று எல்லோரும் ஒருமனதாகத் தீர்மானித்ததால், வேலையை விட்டவள். 'எல்லோரும்' என்பதில் அவள் சேர்த்தியா என்பது நினைவில்லை. வீட்டையும் பார்த்துக்கொண்டு வேலையும் பார்க்க ஒரு வழி கிடைக்காதா என்று நாலா பக்கமும் தேடி, கடைசியில் இந்த ஒன்றைப் பிடித்திருந்தாள். செல்போன் சிக்னலை நம்பவும் வழியில்லை. எங்கள் கட்டடத்துக்குள் அது நுழையாது. பால்கனியில் இடுப்பு வரை வெளியே தொங்கினால் 'ஹலோ' மட்டும் கேட்கும்.

அப்பா அவளை வாஞ்சையோடு பார்த்தார். "உனக்கில்லாததாம்மா? நீ நம்ம வீட்டுப் பொண்ணு" என்றார். விண்ணப்பம் அத்துடன் பைசல் செய்யப்பட்டது.

அடுத்த பொருள், விருந்தினர் இணைப்பு. வெளியாட்கள் வந்தால் தனியாக ஒரு வைஃபை கொடுக்கும் ஏற்பாடு அந்தப் பெட்டியில் இருந்தது. விருந்தினருக்கான வேகத்தைக் குறைவாக வைக்கவும் என்று ரௌட்டரோடு வந்த கையேடு சொன்னது. அப்பா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"விருந்தாளிக்குக் கொறைச்சுக் குடுக்கணுமாம். எந்த வீட்டுலடா இப்படி நடக்கும்?"

"அச்சுல தப்பு விழுந்திருக்கும்" என்றார் அம்மா. "போன தடவை மாப்பிள்ளை வந்தப்ப போனைக் கையில வச்சுக்கிட்டு உச்சுக் கொட்டினாரு. எனக்கு உசுரே போயிடுச்சு."

மாப்பிள்ளை என்பது என் தங்கையின் கணவர். அந்த 'உச்'சுக்குப் பரிகாரமாக, மொத்த வேகத்தில் பெரும்பகுதி விருந்தினருக்கென்று நிரந்தரமாக ஒதுக்கப்பட்டது. விருந்தினர் இல்லாத நாட்களிலும் அதை யாரும் தொடக்கூடாது. ஆளில்லாத அறையில் விளக்கைப் போட்டு வைத்த மாதிரி அது பாட்டுக்கு இருக்கும். மிச்சத்தை வீட்டார் சீனியாரிட்டிப்படி பிரித்துக்கொள்ள வேண்டியது.

அப்போது என் மனைவி சொன்ன வார்த்தையை எங்கள் குடும்பம் சுலபத்தில் மறக்காது.

"அப்படின்னா என்னையும் விருந்தாளில சேர்த்துடுங்க மாமா. செவ்வாய்க்கிழமை மட்டும்."

கூட்டம் ஸ்தம்பித்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "விருந்தாளியா? உன்னை நாங்க வேத்து மனுஷியாவா நடத்தறோம்? பெத்த பொண்ணு மாதிரி வச்சிருக்கோமே! ஏன்டி இப்படிப் பேசற?"

"ஐயோ அத்தை, நான் வைஃபையைச் சொன்னேன்."

"எதைச் சொன்னா என்ன? மனசுல இருக்கறதுதானே வாயில வரும்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ரௌட்டரைப் பார்த்தேன். பச்சை விளக்கு அழகாக மினுக்கிக்கொண்டிருந்தது. கூட்டம் இனிதே நிறைவுற்றது.

செவ்வாய்க்கிழமை காலை மாப்பிள்ளை வந்து இறங்கினார். முன்கூட்டிச் சொல்லவில்லை. மாப்பிள்ளைகள் சொல்லிவிட்டு வருவதில்லை, அதுதான் அவர்கள் பெருமை. அப்பா அவரைத் தனியே அழைத்துப்போய் விருந்தினர் கடவுச்சொல்லைக் காதில் ஓதினார். மாப்பிள்ளை சோபாவில் சாய்ந்து, அழுக்குத் தரைவிரிப்பைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் வீடியோ ஒன்றை மிக உயர்ந்த தரத்தில் பார்க்கத் தொடங்கினார். விருந்தினர் பங்கு போதாமல் வீட்டார் பங்கிலும் அது கை வைத்தது. ஒரு விரிப்பு முடிந்தால் இன்னொரு விரிப்பு. தண்ணீர்த் துளி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அப்பா பின்னால் நின்று பூரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

படுக்கையறையில் இன்டர்வியூ நடந்துகொண்டிருந்தது. திரையில் மூன்று அதிகாரிகள் வாயைத் திறந்தபடி உறைந்திருந்தார்கள். அவர்கள் என்ன கேட்டார்கள் என்று என் மனைவிக்குத் தெரியவில்லை. அவள் சொன்ன பதில் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியவில்லை. மைக்கை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அவரை ஒரு பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க. கெஞ்சிக் கேக்கறேன். போங்க!"

நான் வீறுகொண்டு எழுந்தேன். ஹாலுக்குப் போனேன். மாப்பிள்ளையின் எதிரே நிமிர்ந்து நின்றேன்.

"என்ன மச்சான்?" என்றார் அவர்.

"இல்ல மாப்பிள்ளை... வீடியோ நல்லா ஓடுதான்னு கேக்க வந்தேன்."

"சூப்பரா ஓடுது மச்சான்! உக்காருங்க, அடுத்த விரிப்பு இதைவிட அழுக்கு."

அப்பாவை ஓரமாக இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். அப்பா கல்நெஞ்சக்காரர் இல்லை. பதறித்தான் போனார்.

"மாப்பிள்ளைகிட்ட எப்படிடா நிறுத்துங்கன்னு சொல்றது? முகம் சுண்டிடுமே. இரு, மேலிடத்துல பேசி ஏற்பாடு பண்றேன்."

மேலிடம் என்பதும் அவரே. நிர்வாகப் பக்கத்தைத் திறந்தார். மனிதாபிமான அடிப்படையில், அவசரம் கருதி, இந்த ஒருநாள் மட்டும், மருமகளை வாஷிங் மெஷினுக்கு மேலே உயர்த்தி ஆணையிட்டு, 'சேமி' என்பதை அழுத்தினார். 'மாற்றங்களை நடைமுறைப்படுத்த ரௌட்டர் மறுபடி தொடங்குகிறது. காத்திருக்கவும்' என்று திரை சொன்னது. பெட்டியில் எல்லா விளக்குகளும் அணைந்தன. தரைவிரிப்பும் நின்றது. மூன்று அதிகாரிகளும் போய்விட்டார்கள்.

"உச்" என்றார் மாப்பிள்ளை.

அம்மா ஓடிவந்தார். "என்னங்க பண்ணித் தொலைச்சீங்க? மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்கும்போதா?"

அந்தக் களேபரத்தில் என் மனைவி லேப்டாப்பைத் திறந்தபடியே மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனதை யாரும் கவனிக்கவில்லை. தெருமுனையில் ஒரு நகலெடுக்கும் கடை. கடைக்காரம்மாவுக்கு இவள் பெயர்கூடத் தெரியாது. "அதுக்கென்ன, இந்தாங்க பாஸ்வேர்டு. ஸ்டூல்ல உக்காந்து பேசுங்க" என்று சொல்லி, இரைச்சல் வேண்டாமென்று மிஷினையும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தாராம். மீதி இன்டர்வியூ அந்த ஸ்டூலில் நடந்து முடிந்தது. கொள்கை, வரிசை எதுவும் இல்லாத கடை. அப்படிப்பட்ட நிர்வாகம் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பது என் கவலை.

முடிவு மாலையே வந்தது. உங்கள் வேலை எங்களுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் உங்கள் வீட்டு இணைப்பை நம்பி வீட்டிலிருந்து செய்யும் வேலையைத் தர முடியாது, தலைமை அலுவலகத்தில் ஓர் இடம் இருக்கிறது, வர முடியுமா என்று கேட்டார்கள். அலுவலகம் வேறு ஊரில் இருந்தது. வீட்டில் யாரையும் கேட்காமல், முதல்முறையாக, அவளே 'வருகிறேன்' என்று சொல்லிவிட்டாள்.

"பார்த்தியா, நம்ம ரௌட்டர் போட்ட போடு! வீட்டு வேலைக்குக் கேட்டா, ஹெட் ஆபீஸே கூப்பிட்டுட்டாங்க!" என்று அப்பா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார். நான் துணைக்குப் போகவில்லை. இங்கே என்னை நம்பி ஒரு வாஷிங் மெஷின் இருந்தது.

சில மாதம் கழித்து விடுமுறைக்கு வந்தாள். வாசலிலேயே அப்பா அவள் பையை வாங்கிக்கொண்டார். "அட, இளைச்சுட்டியேம்மா" என்று சோபாவில் உட்காரவைத்து மின்விசிறியைத் திருப்பிவிட்டார் அம்மா. வெளியூரிலிருந்து வந்த கருவி என்பதால் விதிப்படி அவள் போன் எந்தப் பிரிவில் வரவேண்டுமோ அந்தப் பிரிவில் வந்தது. அப்பா குனிந்து, கடவுச்சொல்லை அவள் காதில் சொன்னார்.

"எப்படிம்மா இருக்கு வேகம்?"

"நல்லா இருக்கு மாமா. இந்த வீட்டுல எனக்கு இப்படி வந்ததே இல்ல."

அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைக் கோதினார். "போதும்டி அங்க தனியாக் கெடந்து அல்லாடறது. வேலையை விட்டுட்டு வந்துடு. இங்க உனக்கு என்ன கொறைச்சல்?"

என் மனைவி போனிலிருந்து நிமிர்ந்தாள். "வந்துட்டா என்னை எதுல சேர்ப்பீங்க மாமா?"

அப்பா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. அவர் குரலில் அவ்வளவு பாசம்.

"இதென்ன கேள்வி? நீ நம்ம வீட்டுப் பொண்ணும்மா!"

அவள் தலையாட்டினாள். போனை இரண்டு தட்டு தட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏங்க, ஊருக்குத் திரும்பறதுக்கு டிக்கெட் போடறேன். ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டாள்.

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். திரும்புவதற்குள் ஒரு டிக்கெட் பதிவாகிவிட்டது. எங்கள் வீட்டு இணையத்துக்கு அவ்வளவு வேகம்.