முப்பத்தாறு பேரும் ஏறியாச்சு

பாசமுள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். உன் மகளும் நலம். பக்கத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். இதை நன்றாக மனதில் நிறுத்திக்கொண்டு, உட்கார்ந்து, மேற்கொண்டு படிக்கவும். எங்கள் தலைமையாசிரியையின் கடிதத்துக்கு முன்னால் இது உன் கைக்கு வந்தாக வேண்டும்.

நேற்று பறவைப் பூங்காவுக்குப் பள்ளிச் சுற்றுலா. பஸ் பொறுப்பு, ஆபீஸ் கிளார்க்கான என் தலையில். பேப்பரில் டிக் அடிப்பது பழைய காலம் என்று நானே ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். முப்பத்தாறு பிள்ளைகளுக்கு முப்பத்தாறு அறை கொண்ட ஒரு அரே, அதாவது கம்ப்யூட்டருக்குள் ஒரு பட்டியல். உருவாக்கும்போதே அறைகளில் எதையாவது நிரப்ப வேண்டும். ‘ஏறவில்லை’ என்று நிரப்பிவிட்டால், பிள்ளைகள் ஏறும்போது திரையில் தங்கள் பெயரைத் தொட, அது ‘ஏறியாச்சு’ என்று மாறும். முந்தின நாள் சோதித்துப் பார்க்கையில் முப்பத்தாறு தடவை தொடச் சோம்பல்பட்டு, எல்லா அறையிலும் ‘ஏறியாச்சு’ என்றே நிரப்பினேன். அதை மாற்ற மறந்துபோனேன். ஒரே ஒரு வரி, அக்கா!

திரும்பும்போது டிரைவர், “எல்லாரும் வந்தாச்சா சார்?” என்றார். “முப்பத்தாறுக்கு முப்பத்தாறு, எடுங்க” என்றேன். பாதி வழியில் டீச்சர் திரையை எட்டிப் பார்த்து, “சார், இந்தப் பையன் காய்ச்சல்னு இன்னைக்கு வரவே இல்லையே, இவனும் ஏறியாச்சுன்னு காட்டுதே?”ன்னாங்க. உடனே எழுந்து தலையை எண்ணினோம்; முப்பத்தஞ்சு இருக்கணும், முப்பத்திநாலுதான் இருந்துச்சு. டீச்சர் பேர் படிக்கப் படிக்க ஒவ்வொண்ணா “இருக்கேன் மிஸ்”னு குரல் வந்துச்சு, நம்ம பாப்பா பேருக்கு மட்டும் வரலை. டிரைவரைக் கையெடுத்துக் கும்பிட்டுப் பஸ்ஸைத் திருப்பச் சொன்னேன், வழியெல்லாம் சிவப்பு சிக்னல், பூங்காவை அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க, மணி அஞ்சேகால், உன் முகம்தான் கண்ணு முன்னாடி. பூட்டின கேட்டுக்கு வெளியே பாப்பா, டிக்கெட் குடுக்கிற அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. “ஏன் மாமா இவ்வளவு நேரம்?”னு கேட்டா. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுட்டேன்.

ஆகவே அக்கா, தவறு அந்த ஒரு வரியுடையது, என்னுடையது அல்ல. அதைத் திருத்தியும்விட்டேன். பாப்பாவை அழைத்துப்போகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. அவள் இல்லாவிட்டால் இந்த வீட்டில் பேச எனக்கு ஆளே கிடையாது. அத்தானுக்கு என் வணக்கம். அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்.

உன் பிரியமுள்ள தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் பாப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “மாமா, என் சீட் உங்க பக்கத்து சீட்டுதானே?” என்றாள். ஆமாம் அக்கா. அதில் என் பையை வைத்திருந்தேன்.