தன்னிடமே கடன் கேட்ட ரெட்டைச் சாயபு

ஆம்பூரில் எத்தனையோ தோல் வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன். தன்னிடமே கடன் கேட்டு, தன்னாலேயே விரட்டப்பட்டவர் ரெட்டைச் சாயபு ஒருவர்தான்.

தோல் பதனிடும் அவருடைய ஷாப்பில் நான் எடைக் குமாஸ்தா. ஷாப்பும் வீடும் ஒரே மதிலுக்குள் இருந்தன. நடுவில் ஒரு கதவு. இந்தப் பக்கம் நின்றால் அவர் ஷாப்புக்காரர், அந்தப் பக்கம் போனால் வீட்டுக்காரர். இருவருக்கும் பழக்கம் உண்டு, உறவு கிடையாது என்பது அவர் கட்சி. ஷாப்பில் தமிழ் பேசுவார், வீட்டில் உருது. ரெட்டை என்று பெயர் வைத்தது நாங்கள்.

ஷாப்புக்கு வருகிறவர்களுக்காக வாங்கிய வெற்றிலையை அவர் போட்டுக்கொண்டால், மடியிலிருந்து காலணா எடுத்துக் கல்லாவில் போடுவார். வீட்டம்மாள் மாதனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போக ஷாப் வண்டியைக் கேட்டதற்கு வாடகை வாங்கினார். "தெரிஞ்ச குடும்பம், ரெண்டணா கம்மி பண்ணேன்" என்று எங்களிடம் பெருமை வேறு.

பக்ரீத் கதைதான் உச்சம். வீட்டில் அறுத்த ஆட்டின் தோலை வழக்கப்படி மதரஸாவுக்குத் தர்மம் கொடுத்தார். மறுநாள் ஷாப்புக்காக அதே தோலை விலைக்கு வாங்கப் போனார். விரித்துப் பார்த்துவிட்டு, "கத்தி பட்டிருக்கு. எவன் உரிச்சான் இத?" என்று விலையைக் குறைத்தார். உரித்தவர் அவர். அன்று சாயங்காலமே வீட்டுப் பணத்திலிருந்து, குறைத்த தொகையை மதரஸாவுக்குக் கொடுத்தனுப்பினார். கத்தியைத் தவறவிட்டது வீட்டுக்காரனாம்.

ஊர் சிரித்தது. எனக்கு எரிச்சல் சிரித்தவர்கள் மேல். மதராஸிலிருந்து சரக்குப் பணம் வந்ததும் அத்தனையும் லாபம் என்று மாடி வீடு கட்டியவர்கள் அவர்கள். அந்தப் பணத்துக்குள்தான் அடுத்த தோலின் விலை, அதைப் பதனிடும் பட்டை, சுண்ணாம்பு, எங்கள் கூலி எல்லாம் இருக்கிறது. அதெல்லாம் போக மிஞ்சுவதுதான் லாபம். காலேஜில் வியாபாரக் கணக்குப் படித்துப் பட்டம் வாங்கியவனுக்கும் இது ஏறுவதில்லை. மாடி எழும்பியது, தோல் ஊறும் தொட்டி காய்ந்தது, ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள். நம் ஊரில் இது வருஷா வருஷம் நடக்கிறது.

ஒரு வருஷம் மதராஸில் தோல் விலை விழுந்தது. அனுப்பிய சரக்கு விற்காமல் கிடந்தது. இங்கே தொட்டிகளில் தோல் பாதிப் பதத்தில் ஊறிக்கொண்டிருந்தது. உடனே ஆவாரம்பட்டை போடாவிட்டால் எல்லாம் அழுகும். ரொக்கம் வைத்தால்தான் வண்டியை அவிழ்ப்பேன் என்றார் பட்டைக்காரர். ஷாப் கல்லா காலி. தோல் அழுகினால் ஷாப்பை மூட வேண்டியதுதான். ஆட்கள் எல்லோரும் முற்றத்தில் வந்து நின்றோம்.

சாயபு நடுக்கதவைத் தட்டினார். உள்ளே போனார். எங்களுக்குக் கேட்டது.

"பட்டைக்குப் பணம் வோணும். சரக்கு வித்ததும் தர்றேன்." இது தமிழ்.

பிறகு அதே குரலில் உருது. எனக்குப் புரியும், மற்றவர்களுக்குச் சொன்னேன். வீட்டில் இருப்பது மகள் கல்யாணத்துக்கு வைத்த பணமாம். சந்தை படுத்திருக்கும்போது உன் ஷாப்பை நம்பிக் கொடுக்க நான் என்ன பைத்தியமா என்று கேட்கிறாராம்.

"இன்னாப்பா இது பேஜாரா கீது" என்றார் மேஸ்திரி முனுசாமி. "கேக்கறவரு நல்லவரு. குடுக்கறவருதான் கஞ்சம்."

மறுபடி தமிழ். மறுபடி உருது. கடைசியில் கதவு திறந்தது. சாயபு முகம் தொங்க வெளியே வந்தார்.

"மாட்டேன்னுட்டான்" என்றார்.

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. சிலர் கிளம்புவதற்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து வீட்டம்மாளின் குரல் வந்தது. அந்த அம்மாள் கணவரிடம் தமிழ் பேசி நான் கேட்டதில்லை. அன்று தமிழில் பேசினார். அதாவது ஷாப்புக்காரரிடம் பேசினார்.

"ஷாப்புக்காரரே, எங்கிட்ட என் மஹர் பணம் கீது. நிக்காஹ்ல எனக்குன்னு குடுத்தது. அதுல உங்களுக்கும் பாத்தியதை இல்ல, என் வீட்டுக்காரருக்கும் இல்ல. பட்டைக்குப் போடறேன்."

சாயபு கதவைப் பார்த்து நின்றார். "வட்டி நம்ம மார்க்கத்துல ஆவாதும்மா."

"வட்டி யாரு கேட்டா? லாபத்துல பங்கு குடுங்க."

"நஷ்டம் வந்தா?"

"அதுலயும் பங்குதான். பேசிக்கிட்டே நின்னா தோலு போயிடும்."

பட்டை வண்டி அன்றே உள்ளே வந்தது. தோல் தப்பியது. ஆனால் மதராஸ் விலை எழும்பவே இல்லை. கணக்கு முடித்தபோது நஷ்டம். அம்மாள் பணத்தில் ஒரு பங்கு போனது. அந்தக் கணக்கைச் சொல்லச் சாயபு கதவருகே போனார். என்னையும் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, யாரோ ஒரு பெரிய வியாபாரியிடம் பேசுவதுபோல், "பங்குதாரம்மா, நஷ்டம் வந்துடுச்சு" என்றார்.

"ஆளுங்களுக்குக் கூலி குடுத்தாச்சா?"

"முழுசா குடுத்தாச்சு."

"அப்ப அடுத்த லோடு பட்டைக்குச் சொல்லிவுடுங்க."

அந்த வருஷம் எங்கள் தெருவில் மூடாத ஷாப் அது ஒன்றுதான். மகள் கல்யாணமும் வீட்டுப் பணத்தில் நடந்தது.

சாயபு கிறுக்கர்தான். அதை நாங்கள் சொல்லலாம். வேறு எவனும் சொல்லக்கூடாது.