பெடல் வாங்கலாமா ரூபேந்திரன்

ஒரு கை பேஸ் கிட்டாரின் கம்பிகளைப் பழைய பனியனால் துடைத்துக்கொண்டிருக்க, மறு கையின் கட்டைவிரல் கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கும் ஆளைக் கண்டால், அவசரப்பட்டுப் பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள். அவர் 'வாங்கலாமா வேண்டாமா' இனம். உங்கள் கருத்தையும் கேட்பார். மூச்சுத் திணறும் நோயாளிக்கு ஆக்சிஜன் வாங்கிவர இவரை அனுப்பினால், ஊரிலேயே தரமான சிலிண்டரோடுதான் திரும்புவார். கருமாதிக்கு.

மலேசியாவின் ஸ்கூடாய் ஊர் ரூபேந்திரன் இந்த இனத்தில் முற்றிய ரகம். கல்யாண விருந்துகளில் வாசிக்கும் ஒரு குழுவில் அவர்தான் பேஸ். அவர் வாங்க நினைத்தது ஓர் எஃபெக்ட்ஸ் பெடல்: சோப்புப் பெட்டி அளவில் ஓர் இரும்பு டப்பா, கிட்டாரின் ஒயரை அதில் செருகிக் காலால் ஒரு மிதி மிதித்தால், சாதுவான சத்தம் உறுமத் தொடங்கும். அவ்வளவுதான். இதற்காக அவர் பார்க்காத வீடியோ இல்லை, படிக்காத விமர்சனம் இல்லை, ஜொகூர் பாருவில் ஏறி இறங்காத கடை இல்லை. காஹாங்கில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும், கிட்டாரைத் தொட்டே பார்க்காத மச்சானைக்கூடக் கூப்பிட்டுக் கேட்டார். மச்சான், நீலம் நல்லது என்றார்.

குழுத் தலைவர் விஜயனுக்குப் பொறுமை போயிற்று.

"டேய் ரூபன், சனிக்கிழம உலு திராம்ல கல்யாணம். மாப்ள பொண்ணு உள்ள வர்றப்ப அந்த உறுமல் கேக்கணும்னு சொல்லிட்டாங்க. பெடலோட வந்தா வா. இல்லாட்டி கீபோர்டுக்காரன் இடது கையாலயே பேஸ் வாசிச்சிருவான். நீ சாப்பிட மட்டும் வா லா."

ஓர் இடது கையிடம் வேலையைப் பறிகொடுப்பதா? ரூபேந்திரனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் இனத்தின் குணம் போகுமா? வெள்ளிக்கிழமையும் இரண்டு பெடல்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். மனைவி கஸ்தூரி காரை எடுத்துக்கொண்டு போய், ஒன்றை வாங்கிவந்து மேசைமேல் வைத்தாள்.

"இந்தாங்க. வாங்கியாச்சு."

"ஐயோ, எதப் பாத்து வாங்குன?"

"கடைக்காரன் மூஞ்சியப் பாத்து. உங்க பேரச் சொன்னதும் பாவம், வெளிறிப் போயிட்டான்."

வாங்கிய பிறகு அவர் செய்ததுதான் வினை. புதுச் சாமான் வீட்டுக்கு வந்தால் சாமி அறைக்குப் போக வேண்டாமா? சரஸ்வதி படத்தின் முன் வைத்துச் சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, சூடமும் காட்டினார்.

சனிக்கிழமை. மண்டபக் கதவு திறந்தது. மணமக்கள் நுழைந்தார்கள். விஜயன் கண்ணைக் காட்டினார். ரூபேந்திரன் காலைத் தூக்கினார். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. கீழே குங்குமப் பொட்டோடு பெடல். நாளிதழில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஆள், பூசை போட்ட வாத்தியத்தை மிதிப்பாரா? கையால் அழுத்தலாமென்றால் இரண்டு கையும் கிட்டாரில்.

"மிதிடா, மிதி!" என்று விஜயன் பல்லைக் கடித்தார். கீபோர்டுக்காரனின் இடது கை மெல்ல நகர்ந்தது.

வாழ்நாளில் முதல்முறையாக ரூபேந்திரன் யாரையும் கேட்காமல் ஒரு முடிவெடுத்தார். மண்டியிட்டார். குனிந்தார். நெற்றியால் ஒரே முட்டு.

மண்டபம் உறுமியது.

"அலமாக்!" என்றார் விஜயன்.

உறுமலை நிறுத்த இன்னொரு முட்டு. மறுபடி தொடங்க இன்னொன்று. மணமகனின் தகப்பனாருக்குக் கண் கலங்கிவிட்டது. விஜயனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா, விழுந்து விழுந்து கும்பிடுறாரு! இப்பல்லாம் எந்த பேண்டுல இந்த மரியாத இருக்கு? சின்னவன் கல்யாணத்துக்கும் நீங்கதான். ஆனா இவரு இல்லாம வந்துறாதீங்க."

இடது கை தன் இடத்துக்குத் திரும்பிப் போயிற்று.

மறுநாள் காலை, கஸ்தூரி துணியில் ஐஸைச் சுற்றி அவர் நெற்றிப் புடைப்பில் வைத்து அழுத்தினாள்.

"கஸ்தூரி, மண்டி போடுறப்ப முட்டிக்குப் போடுற உறை ஒண்ணு பாக்குறேன். ரப்பர் நல்லதா, பஞ்சு வச்சது நல்லதா?"

அவள் ஐஸைத் திருப்பி வைத்தாள். நீங்கள்தான் இப்போது, பஞ்சு என்றால் வேர்வை பிடிக்குமே என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.