பித்தளை உரலில் இடித்த கால்சியம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கையில் எடுத்தாலும் முதலில் தேதியைத் தேடுவேன். ரொட்டிப் பொட்டலம், கல்யாணப் பத்திரிகை, கல்லறைக் கல், எதுவும் விலக்கில்லை. (ஒரு துக்க வீட்டாருடன் கல்லறையில் நின்றபோது, பக்கத்துக் கல்லில் இருந்தவர் எத்தனை வருடம் வாழ்ந்தார் என்று கணக்குப் போட்டுச் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.) இந்த வியாதியால் ஒருமுறை பெற்ற மகளையே நடுங்க வைத்தேன்.

ஷீபாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். நொய்டாவில் வேலை, அங்கேயே வீடு. டாக்டர் கால்சியம் மாத்திரை சாப்பிடச் சொல்லியிருந்தார். எந்த மாத்திரை என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை யாரும் கேட்காமலே நான் எடுத்துக்கொண்டேன். 'வெளி ஆய்வகத்தில் தூய்மை சோதிக்கப்பட்டது' என்று முத்திரை குத்திய டப்பாவாகப் பார்த்து நான்கு வாங்கி, இரண்டை அவளிடம் கொடுத்தேன். மீதி இரண்டும் டெல்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து வந்த சும்மா நேரத்தில், கம்பெனியின் இணையதளத்தில் அந்தச் சோதனைச் சான்றிதழைத் தேடிப் படித்தேன். சான்றிதழின் தேதி, எங்கள் டப்பாவில் இருந்த தயாரிப்புத் தேதிக்கு மூன்று மாதம் முந்தையது. பிறக்கும் முன்பே ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை.

அப்படியானால் நம் டப்பாவை யார் சோதித்தது? நானே சோதிக்கக் கொடுப்பது என்று முடிவெடுத்தேன். ஆனால் மாத்திரையின் முதுகிலேயே கம்பெனி பெயர் பதிந்திருந்தது. பெயரைப் பார்த்து ஆய்வகம் சலுகை காட்டிவிட்டால்? எனவே ஒரு டப்பாவைப் பிரித்து, பெயர் அடையாளமே இல்லாமல் அரை மணி நேரம் இடித்தேன். தூள் லேசாக மஞ்சளித்தது. 'நிறம் சந்தேகத்துக்குரியது' என்று டைரியில் குறித்துக்கொண்டேன்.

ஓக்லாவில் இருந்த ஆய்வகத்தின் வரவேற்பில் ஒரு பெண்மணி பொட்டலத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"அங்கிள்ஜி, சீல் பிரிக்காத டப்பா இல்லையா?" என்று இந்தியில் கேட்டார்.

"இருக்கிறது. கம்பெனி பெயர் உங்களுக்குத் தெரியக் கூடாது என்றுதான் இப்படி."

"அச்சா" என்றார்.

டெல்லியில் அந்த 'அச்சா'வுக்குப் பதினேழு அர்த்தம் உண்டு. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை, காலை பதினொன்று நாற்பதுக்கு அறிக்கை வந்தது. ஈயம், அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு.

நிறையப் படித்தவனுக்குப் பயப்படவும் நிறைய விஷயம் தெரியும். ஈயம் கருவில் இருக்கும் குழந்தையின் மூளையை என்ன செய்யும் என்று நான் எப்போதோ படித்ததெல்லாம் வரி வரியாக வந்து நின்றது. வாங்கிக் கொடுத்தவன் நான். இரண்டு மாதமாக அவள் ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டாளா என்று தினமும் போன் போட்டு விசாரித்தவனும் நான்.

ஷீபா அலுவலகத்தில் இருந்தாள். போனில் சொல்லி முடித்தேன்.

"டாடி, பேபிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

எல்லாவற்றுக்கும் குறிப்பு வைத்திருக்கும் நான், டைரியில் டாக்டரின் நம்பரைத் தேடினேன்.

அன்று மாலையே அவளுக்கு ரத்தம் எடுத்தார்கள். துணைக்கு நானும் கையை நீட்டினேன். முடிவு சனிக்கிழமைதான் என்றார்கள். என் மனைவி கிரேஸ் முப்பது வருடமாக நர்ஸாக இருப்பவள், யாருக்கு என்ன என்றாலும் பதறாதவள். குழந்தைக்குப் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரை ஊசியோடு சுருட்டிப் பீரோவுக்குள் வைத்துவிட்டாள். அந்த மூன்று நாட்களும் என் டைரியில் வெற்றுப் பக்கங்கள்.

சனிக்கிழமை. ஷீபாவின் ரத்தத்தில் பயப்பட ஒன்றும் இல்லை. டாக்டர் இரண்டு முறை சொன்னார். நான் மூன்றாவது முறை கேட்டேன். பிறகு அவர் என் தாளைப் புரட்டி, மூக்குக் கண்ணாடியைச் சரி செய்தார். ஈயம் என் ரத்தத்தில்தான் கூடுதலாக இருந்தது.

கிரேஸ் என்னையே பார்த்தாள்.

"மாத்திர தின்னவ நல்லா இருக்கா. திங்காத ஒங்களுக்கு எப்பிடி வந்துச்சு?"

"அதான் எனக்கும் புரியல."

"எதுல இடிச்சிய?"

"நம்ம உரல்லதான்."

"எந்த உரல்?"

பழைய சாமான் கடையில் நான் ஆசையாக வாங்கிய பித்தளை உரல். தினமும் நான்கு வேளை என் டீக்கு ஏலக்காய் இடிப்பது அதில்தான். கிரேஸும் ஷீபாவும் காபிக் கட்சி. ஈயம் கலந்த மலிவுப் பித்தளையை, கல் போன்ற மாத்திரையை வைத்து அரை மணி நேரம் சுரண்டியிருக்கிறேன்.

"யூரின் டெஸ்டுக்கு வாறவங்களுக்கே புது டப்பா குடுக்கோம். நீங்க உரலத் தூக்கிட்டு நிக்கிய" என்றாள் கிரேஸ். பிறகு ஷீபாவின் தோளில் முகத்தை வைத்து வெகுநேரம் அழுதாள்.

சீல் பிரிக்காத கடைசி டப்பாவை அதே ஆய்வகத்தில் கொடுத்தேன். வரவேற்புப் பெண்மணி மறுபடி "அச்சா" என்றார். இந்த முறை அர்த்தம் புரிந்தது. மாத்திரை சுத்தம் என்று அறிக்கை வந்தது. டாக்டர் சொன்னபடி என் ரத்தமும் மெல்லத் தேறியது. உரல் இப்போது பால்கனிக் கதவு சாத்தாமல் முட்டுக் கொடுக்கிறது.

பேரனுக்கு மூன்று வயதாகிறது. கேட்ட கேள்விக்கெல்லாம் எதிர்க்கேள்வி கேட்பதால் மூளையைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. நாட்டு ஊழலோ வானிலையோ, ஆதாரத்தோடு நான் எதைச் சொன்னாலும் வீட்டில் யாராவது "எதுல இடிச்சிய?" என்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். தமிழ் சரியாக வராத பேரன்கூட அதை மட்டும் சுத்தமான எங்கள் ஊர்ப் பாளையங்கோட்டைத் தமிழில் சொல்கிறான்.

அவனுடைய ஞானஸ்நானச் சான்றிதழை நான்தான் கோயிலில் போய் வாங்கி வந்தேன். தேதி, பிறந்த நாளுக்குப் பின்புதான். வாசலிலேயே நின்று சரிபார்த்துவிட்டேன்.